ஜாங்கோ: அப்பாவின் மாத்திரைக்காக ஒரு வெப் ஆப் கட்டிய அனுபவத்திலிருந்து ஒரு விமர்சனம்

ஜாங்கோ என்பது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் வெப் ஆப் கட்ட உதவும் கருவித்தொகுப்பு (ஃப்ரேம்வொர்க்). அதைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலும் நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் தாங்கும், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இன்னொரு கருவியை விட வேகமா, பெரிய டீமுக்குச் சரிப்படுமா என்றுதான் பேச்சு போகும். இது அந்த மாதிரி விமர்சனம் இல்லை. மனதை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு சொந்தப் பிரச்சினை, அதற்கு ஒரு வெப் ஆப் இருந்தால் தீரும் என்ற எண்ணம், ஓரளவு பைத்தான், வேலை முடிந்து மாலையில் கிடைக்கிற நேரம், இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்றால் ஜாங்கோ எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பதை மட்டும் சொல்கிறேன். என் தீர்ப்பு இதுதான்: யோசனையைத் தெளிவாக்குவதில் இதற்கு இணையாக நான் எதையும் பார்க்கவில்லை. நினைவூட்டல், ஆஃப்லைன், சர்வரில் ஏற்றுவது இந்த மூன்றிலும் பாதி வழியில் விட்டுவிடும்.

பிரச்சினை அப்பாவின் மாத்திரைகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பட்டியல் நீண்டுவிட்டது. காலையில் சில, சாப்பிடுவதற்கு முன் ஒன்று, இரவில் ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, வாரத்தில் சில நாள் மட்டும் இன்னொன்று. பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள் பல பேர். அம்மா, நான், அண்ணன், வெளிநாட்டில் இருந்துகொண்டு தினமும் கேட்கும் அக்கா. "கொடுத்தாச்சா?" என்று ஒருவர் குரூப்பில் கேட்பார், பதில் வரும், அதன் மேல் வேறு நாலு செய்திகள் ஏறிவிடும், இரவில் வருகிறவருக்குக் கீழே போன பதில் கண்ணில் படாது. இந்த மாத்திரைகளில் சிலவற்றை விட்டாலும் ஆபத்து, இரண்டு தடவை கொடுத்தால் அதைவிட ஆபத்து. மறதி என்பது பிரச்சினையின் ஒரு பக்கம்தான். கவனித்துக்கொள்ள ஆள் நிறைய இருப்பதாலேயே வரும் குழப்பம் இன்னொரு பக்கம்.

மருந்து நினைவூட்டும் ஆப்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன், நல்ல வேலைப்பாடு உள்ளவைதான். ஆனால் நான் பார்த்தவை ஒரு நோயாளி, ஒரு போன் என்று நினைத்தே கட்டப்பட்டவை. அலாரம் அடிக்கும், அவர் அமுக்குவார். எங்களுக்குத் தேவை அலாரம் கூட இல்லை, "இந்த வேளை மாத்திரை போய்விட்டதா, இல்லையா" என்ற ஒரே கேள்விக்கு எந்த வீட்டிலிருந்து யார் பார்த்தாலும் ஒரே பதில். அதனால்தான் நானே கட்டலாம் என்று இறங்கினேன்.

சரி, ஜாங்கோவுக்கு வருவோம். இது பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். 2003-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் பத்திரிகையில் ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் தொடங்கினார்கள், 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, கித்தார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் பெயரை வைத்தார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலையில் கேட்டதை மாலைக்குள் தர வேண்டிய நெருக்கடியில் வளர்ந்த கருவி என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. லாகின், ஃபார்ம், டேட்டாபேஸ், பாதுகாப்பு, தகவல் உள்ளிடும் பக்கம் எல்லாம் முதல் நாளே கூடவே வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) நல்லது என்று தேடித் திரிய வேண்டாம். சொந்தப் பிரச்சினைக்காகக் கட்டுகிறவரிடம் இருக்கும் மிகப் பெரிய மூலதனம் அவருடைய அக்கறைதான். அது லைப்ரரி தேர்வு செய்வதிலேயே கரைந்துவிட்டால் ஆப் வரவே வராது.

ஜாங்கோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மாடல்கள் எழுதும் இடம். ஆப்பில் என்னென்ன விஷயங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன உறவு என்பதைப் பைத்தான் கிளாஸ்களாக எழுதுகிறோம், டேட்டாபேஸ் டேபிள்களை அதுவே உருவாக்கிக்கொள்கிறது. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் உட்கார்ந்து எழுதும்போதுதான் என் யோசனை எவ்வளவு மங்கலாக இருந்தது என்று தெரிந்தது. "மருந்து" என்று ஒரு மாடல், சரி. "வேளை" என்பது என்ன? "தினமும் இரவு எட்டு மணிக்கு இந்த மாத்திரை" என்ற ஏற்பாடா, "நேற்று இரவு அண்ணன் கொடுத்தது" என்ற நிகழ்வா? பேச்சில் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், டேட்டாபேஸில் அப்படி முடியாது. ஏற்பாடு தனி, பதிவு தனி. அதைப் பிரித்தவுடன் அடுத்த கேள்வி: டாக்டர் அளவைக் குறைத்தால் ஏற்பாட்டைத் திருத்துவதா? திருத்தினால் போன மாதம் கொடுத்தது எல்லாம் புதிய அளவில் கொடுத்த மாதிரி காட்டும், அது பொய். அதனால் ஏற்பாட்டை ஒருபோதும் திருத்துவதில்லை என்று முடிவு செய்தேன். பழையதற்கு ஒரு கடைசித் தேதி போட்டு, புதியதை அடுத்த வரிசையாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் பதிவை இன்னொரு டேபிளோடு இணைக்கும் கண்ணி. ஒரு பதிவு ஒரு ஏற்பாட்டைச் சேர்ந்தது, ஏற்பாடு ஒரு மருந்தைச் சேர்ந்தது என்று இணைக்கும்போது, அந்த மருந்தையே யாராவது அழித்துவிட்டால் கீழே உள்ளவை என்ன ஆக வேண்டும் என்று ஜாங்கோ கேட்கும். 2.0 பதிப்பிலிருந்து ஆன்-டெலீட் என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகரவே முடியாது. கேஸ்கேட் என்றால் எல்லாம் சேர்ந்து அழியும், ப்ரொடெக்ட் என்றால் கீழே பதிவுகள் இருக்கும்வரை அழிக்கவே விடாது. நிறைய டுடோரியல்களில் யோசிக்காமல் கேஸ்கேட் போட்டுவிட்டுப் போவார்கள். மருந்துப் பதிவுக்கு அது சரிவராது. நிறுத்திய மருந்தை யாரோ சுத்தம் செய்கிறேன் என்று அழித்தால், அப்பா அதை எத்தனை மாதம் சாப்பிட்டார் என்ற வரலாறே போய்விடும். இப்படி ஒரு கருவி நம்மை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதைத் தொந்தரவாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு அனுபவசாலி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இரண்டு தடவை கொடுக்கும் ஆபத்து என்ற மையப் பிரச்சினையை ஜாங்கோ எப்படிக் கையாள்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் தோன்றும் வழி, பட்டனை அமுக்கியதும் "ஏற்கெனவே பதிவு இருக்கிறதா" என்று பார்த்து, இல்லையென்றால் எழுதுவது. இரண்டு பேர் ஒரே நொடியில் இரண்டு போனில் அமுக்கினால் இருவருக்குமே "இல்லை" என்ற பதில் வரலாம், இரண்டு பதிவும் ஏறலாம். இதைத் தடுக்க வேண்டிய இடம் டேட்டாபேஸ்தான். ஜாங்கோவில் 2.2 பதிப்பு முதல் யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மாதிரிப் பதிவு இரண்டு ஏறாமல் தடுக்கும் தடை) என்று ஒன்று இருக்கிறது, "ஒரு ஏற்பாடு, ஒரு தேதி, ஒரே ஒரு பதிவு" என்று மாடலிலேயே எழுதி வைத்துவிடலாம். இரண்டாவதாக வருகிறவரை டேட்டாபேஸே திருப்பி அனுப்பும், நாம் அந்தப் பிழையைப் பிடித்து "அண்ணன் இப்போதுதான் கொடுத்துவிட்டார்" என்று காட்டினால் போதும். இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு என்னும் கெட்-ஆர்-கிரியேட் என்ற வசதியும் இருக்கிறது, ஆனால் டேட்டாபேஸில் அந்தத் தடை இருந்தால்தான் அதை முழுதாக நம்பலாம் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது.

தவறுதலாக அமுக்கிவிட்டால்? பதிவை அழிக்கக் கூடாது, "ரத்து" என்று குறிக்க வேண்டும், ஏனென்றால் யார் எப்போது அமுக்கினார், யார் ரத்து செய்தார் என்பதும் தேவை. ஆனால் ரத்தான பதிவும் வரிசையில் இருப்பதால் அந்தத் தடை புதிய பதிவை ஏற்காது. இதற்கும் வழி உண்டு: தடைக்கு ஒரு நிபந்தனை கொடுக்கலாம், "ரத்தாகாத பதிவுகளுக்கு மட்டும்" என்று. ஒரு வரி. எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸிலும் அது வேலை செய்கிறது. இந்த ஒரு வரிக்காகவே நான் ஜாங்கோவைப் பரிந்துரைப்பேன், ஏனென்றால் நான் கட்ட நினைத்த ஆப்பின் உயிரே அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அட்மின் பக்கத்தைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து எழுதிவிட்டார்கள், நானும் புகழ்கிறேன். மாடல் எழுதியவுடன் தகவல் சேர்க்க, திருத்த, தேட ஒரு முழு இணையப்பக்கம் தானாக வருகிறது. டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்துகளை உள்ளிட நான் ஒரு ஃபார்ம் கூட எழுதவில்லை. யோசனை சரியா தப்பா என்று பார்க்க இதைவிட விரைவான வழி இல்லை. அழகான முகப்பு எதுவும் இல்லாமலே அண்ணனும் நானும் அட்மினிலேயே பதிவு செய்து பார்த்தோம், "யார் கொடுத்தார்" என்ற கட்டம் அவசியம் என்பதும், "எத்தனை மணிக்கு" என்பதைக் கையால் தட்ட யாருக்கும் பொறுமை இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டன. ஆனால் அட்மினையே ஆப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது உள்வேலைக்கான கருவி, முழு முகப்பையும் அதைச் சுற்றிக் கட்டாதீர்கள் என்று அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் கொடுக்க முடியாது.

அப்பாவிடம் காட்டியபோது என் யோசனையே மாறியது. அவர் அமைதியாகப் பார்த்துவிட்டு, "நீங்க எல்லாரும் எனக்குக் கொடுத்ததா எழுதறீங்க, நான் சாப்பிட்டதா ஒருத்தரும் எழுதலையே" என்றார். அவருக்குக் கை நடுக்கம் இருக்கிறது, நினைவு நன்றாகவே இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அவரேதான் எடுத்துச் சாப்பிடுகிறார். அவரைப் பற்றிய ஆப்பில் அவருக்கு இடமே இல்லாமல் கட்டிக்கொண்டிருந்தோம். அதன்பின் முதல் பயனர் அப்பா, முதல் பட்டன் "சாப்பிட்டேன்", மற்றவர்களுக்கு "கொடுத்தேன்". அவர் அமுக்கியது எங்களுக்குத் தெரியலாமா என்று அவரையே கேட்டு, சரி என்ற பிறகுதான் அந்தக் காட்சியைத் திறந்தேன். குடும்பத்துக்காக ஏதாவது கட்டுகிற யாரும், யாருக்காகக் கட்டுகிறோமோ அவரிடம் முதல் வாரத்திலேயே காட்டுங்கள். ஜாங்கோவில் மாடலை மாற்றி மைக்ரேஷன் (அந்த மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் கட்டளை) ஓட்டினால் டேட்டாபேஸ் மாறிவிடும், ஏற்கெனவே உள்ள பதிவுகள் அப்படியே நிற்கும். இந்த வசதி 1.7 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. மனம் மாறுவதற்குப் பயப்பட வேண்டாம் என்பதால் யோசனை வளர இடம் கிடைக்கிறது.

லாகின் விஷயத்தில் ஒன்றைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். புது ப்ராஜெக்ட் என்றால், பயனர் தகவலை வைக்கும் யூசர் மாடலை நாமே சொந்தமாக வரையறுத்துக்கொள்வது நல்லது, இப்போதைக்குத் தேவையில்லை என்றாலும். டேபிள்கள் உருவான பிறகு அதை மாற்றுவது பெரிய வேலை. இன்னொன்று, ஜாங்கோவில் லாகின் செஷன், அதாவது ஒருமுறை உள்ளே வந்தவரை நினைவில் வைத்திருக்கும் காலம், இயல்பாக இரண்டு வாரம்தான். வயதானவர்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு கேட்டால் ஆப் அன்றோடு முடிந்தது. செட்டிங்கில் அதை ஒரு வருடமாக நீட்டி, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுப்பிக்கும்படி வைத்தேன். லாகின் அடையாளத்தைப் பிரவுசர் குக்கி என்ற சிறு குறிப்பாக வைத்துக்கொள்கிறது; குரோம் பிரவுசர் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது என்பதால் அதற்கு மேல் நீட்டிப் பலன் இல்லை, தினமும் திறக்கிறவர்களுக்கு இதுவே தாராளம். போன் தொலைந்தால் அந்த ஆளின் செஷனை சர்வரில் அழித்துவிடலாம்.

குரூப்பில் ஒரு லிங்க் அனுப்பி, அதைத் தொட்டாலே "கொடுத்தாச்சு" என்று பதிவாகும்படி செய்யலாமே என்று அண்ணன் கேட்டார். செய்யவே கூடாது. சாட் ஆப்கள் லிங்க்குக்கு முன்னோட்டம் காட்டுவதற்காக அந்தப் பக்கத்தைத் தாங்களே போய்த் திறப்பதுண்டு, யாரும் மாத்திரை கொடுக்காமலே பதிவு ஏறிவிடும். எதையாவது மாற்றுகிற செயல் எல்லாம் போஸ்ட் (லிங்க்கைத் திறப்பதாக இல்லாமல் ஃபார்மை அனுப்புவதாக) ஆகத்தான் வர வேண்டும், ஜாங்கோ அதற்கு ஒவ்வொரு ஃபார்மிலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் நம் பெயரில் ஃபார்ம் அனுப்பாமல் தடுக்கும் ரகசியக் குறி) கேட்கும், இல்லாவிட்டால் ஏற்காது. புதிதாகக் கற்கிறவர்களைத் தடுமாற வைக்கும் 403 (அனுமதி இல்லை) பிழை இதனால்தான் வருகிறது. அதை அணைத்துவிடச் சொல்லும் பதில்கள் இணையத்தில் கிடைக்கும். அணைக்காதீர்கள்.

அக்கா வேறு நாட்டில் இருப்பதால் நேரம் ஒரு தனித் தலைவலி. ஜாங்கோ 5.0 முதல் டைம்சோன் கணக்கு இயல்பாகவே இயங்கும், எல்லா நேரத்தையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது அவரவர் நேரத்துக்கு மாற்றலாம். ஜாங்கோவின் அடிப்படை செட்டிங்கில் டைம்சோன் இன்றும் அமெரிக்காவின் சிகாகோதான், பிறந்த ஊரின் நேரம். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது எழுதித்தரும் கோப்பில் மட்டும் யூடிசி என்று மாற்றிவிடுகிறது. இதில் ஜாங்கோ தீர்க்க முடியாத ஒரு நுணுக்கம் உண்டு. இரவு மாத்திரையை நள்ளிரவு தாண்டிக் கொடுத்தால் கடிகாரப்படி அது அடுத்த நாள், மருந்துக் கணக்கில் அது முந்தைய இரவு. அதனால் தேதியைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், எந்த நாளின் எந்த வேளை என்பதைத் தனிக் கட்டமாகவே வைத்தேன், அப்பா இருக்கும் இடத்தின் தேதிதான் கணக்கு. அமுக்கிய நேரம் இன்னொரு கட்டம். இரண்டையும் பிரிக்காமல் விட்டிருந்தால் அக்காவின் திரையில் ஒரு வேளை விடுபட்டதாகத் தெரிந்து அவர் தூக்கம் கெட்டிருக்கும்.

தமிழில் கட்டுகிறவர்களுக்காகத் தனியாகச் சில விஷயங்கள், ஏனென்றால் இவற்றை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் எல்லா வாக்கியங்களும் மொழிபெயர்க்கப்படவில்லை, அட்மின் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் நிற்கும். மாடலுக்கு "மருந்து" என்று தமிழ்ப் பெயர் வைத்தால், பன்மைப் பெயரையும் நாமே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ்ச் சொல்லின் வாலில் ஆங்கில எஸ் எழுத்தை ஒட்டிவிடும். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்போது கவனம்: நம் கண்ணுக்கு "மருந்து" நான்கு எழுத்து, பைத்தானுக்கு ஏழு, ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. எனவே வரம்பை நினைத்ததைவிட இரண்டு மடங்காக வையுங்கள். இதைவிட மோசம் ஸ்லக், அதாவது பக்கத்தின் முகவரியில் வரும் சொல். தலைப்பிலிருந்து முகவரி உருவாக்கும் ஸ்லகிஃபை தமிழ்ச் சொல்லை இயல்பாக மொத்தமாகவே காலி செய்துவிடும். யூனிகோடை அனுமதி என்று சொன்னாலும் குறிகளையும் புள்ளியையும் உதிர்த்துவிட்டு "மருந்து" என்பதை "மரநத" ஆக்கிவிடும். பைத்தானின் ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) அந்தக் குறிகளை எழுத்தாகக் கருதாததுதான் காரணம். இருபது வருடம் தாண்டிய ஒரு கருவியில் இது இன்னும் இப்படி இருப்பது எனக்கு வருத்தமே. முகவரியில் எண்ணை வைத்துக்கொள்வதுதான் சுலபமான தீர்வு, நானும் அதைத்தான் செய்தேன்.

முகப்புக்கு எச்டிஎம்எக்ஸ் என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி போதுமானதாக இருந்தது. பட்டனை அமுக்கினால் அந்த ஒரு கட்டம் மட்டும் சர்வரிலிருந்து புதிதாக வந்து உட்காரும், ரியாக்ட் மாதிரி தனியாக ஒரு முகப்பு ப்ராஜெக்ட் தேவைப்படவில்லை. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக ஒத்துப்போகிறது. பட்டன் அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எல்லோரும் எளிதில் பயன்படுத்தும்படி இணையப்பக்கம் அமைப்பதற்கான டபிள்யுசிஏஜி 2.2 விதிகள் தொடுமிடம் குறைந்தது 24 பிக்சல் இருந்தால் போதும் என்கின்றன, நடுங்கும் கைக்கு அது போதவே போதாது. அப்பாவின் பட்டன் திரையின் முழு அகலத்துக்கு இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே அந்த விதிகள் கேட்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டைத் தாண்டியே வைத்திருக்கிறேன். நிறத்தை மட்டும் நம்பாமல் "சாப்பிட்டாச்சு" என்று எழுத்திலும் காட்டுகிறது.

இனி ஜாங்கோ கைவிடும் இடங்கள்.

முதலாவது நினைவூட்டல். "ஒன்பது மணியாகியும் இரவு மாத்திரை பதிவாகவில்லை" என்று தானாகச் சொல்ல, யாரும் பக்கத்தைத் திறக்காதபோதும் சர்வரில் ஏதாவது ஓட வேண்டும். ஜாங்கோ என்பது யாராவது கேட்டால் பதில் சொல்லும் அமைப்பு, தானாக எழுந்து வேலை செய்யாது. 2025 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பில் பின்னணி வேலைகளுக்கான டாஸ்க்ஸ் என்ற பகுதி சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்த வேலையை எடுத்து ஓட்டும் வொர்க்கர் என்ற நிரலை நாம்தான் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பின்னணி வேலைகளை ஓட்டும் செலரி என்ற கருவியைப் போடு என்பார்கள், ஒரு குடும்பத்துக்கு அது தேவையில்லாத சுமை. ஒரு மேனேஜ்மென்ட் கமாண்ட் (ஜாங்கோவுக்கு நாமே எழுதும் கட்டளை) எழுதி, அதைச் சர்வரின் கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓட்டும்படி வைத்தால் முடிந்தது. செய்தி போனுக்குப் போய்ச் சேருவது அடுத்த கட்டம். ஐபோனில் வெப் புஷ் (வெப் ஆப் அனுப்பும் அறிவிப்பு) 2023-ல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல்தான் உண்டு, அதுவும் ஆப்பை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டும். குடும்பத்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். அலாரம் வரவில்லை என்றால் உயிர் போகும் என்கிற அளவுக்கு முக்கியமான மருந்துக்கு இந்த வழியை நம்பாதீர்கள், போனின் சொந்த அலாரத்தை வையுங்கள். வெப் ஆப் பதிவுக்கு மட்டும்.

இரண்டாவது ஆஃப்லைன். நெட் இல்லாத நேரத்தில் ஜாங்கோவால் ஒன்றும் செய்ய முடியாது, நெட் இல்லாமலும் பக்கத்தை ஓட்டும் சர்வீஸ் வொர்க்கர், தகவலைப் பிரவுசரிலேயே சேமிக்கும் இண்டெக்ஸ்டு-டிபி எல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் நாமே எழுத வேண்டும். எழுதலாமா என்று யோசித்து, எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன். நெட் இல்லாமல் போனில் தேங்கி நிற்கும் பதிவு மற்றவர்களுக்குத் தெரியாது, எங்கள் ஆப் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியத்தான். எனவே நெட் இல்லாவிட்டால் பெரிய எழுத்தில் "பதிவாகவில்லை, போன் செய்து சொல்லுங்கள்" என்று வருகிறது. பொய்யாக ஒரு பச்சை டிக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதுதான் புதியவர்களைச் சோர வைக்கும், சர்வரில் ஏற்றுவது. உங்கள் கம்ப்யூட்டரில் ரன்சர்வர் என்று தட்டினால் ஓடும் அந்த ஆப், வெளியே போனதும் டீபக்கை (பிழை விவரங்களைக் காட்டும் நிலையை) அணை, அலவுட் ஹோஸ்ட்ஸ் (அனுமதித்த முகவரிகள்) எழுது, ஸ்டாட்டிக் கோப்புகளை (படம், வடிவமைப்பு போன்றவற்றை) சேகரி, குனிகார்ன் (ஆப்பைச் சர்வரில் ஓட்டும் நிரல்) வை, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) வாங்கு என்று வரிசையாகக் கேட்கும். செக் கமாண்டை டிப்ளாய் என்ற குறிப்போடு ஓட்டினால் விட்டுப்போன பாதுகாப்பு செட்டிங்குகளைப் பட்டியலிடும், அது மிகவும் நல்ல உதவி. ஆனாலும் இது யோசனைக்குச் சம்பந்தமில்லாத உழைப்பு. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தருவதால் எச்டிடிபிஎஸ் பகுதியாவது எளிதாகிவிட்டது.

டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட்டே போதும் என்று தைரியமாகச் சொல்வேன். ஒரே கோப்பு, தனி சர்வர் வேண்டாம். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யுஏஎல் முறையில் ஓட்டினால் ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் படிக்கத் தடையில்லை. ஜாங்கோ 5.1 முதல் அதைச் செட்டிங்கிலேயே எழுதலாம். பேக்கப் எடுக்கும்போது மட்டும் அந்தக் கோப்பை அப்படியே நகல் எடுக்காதீர்கள், அந்த நேரத்தில் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் நகல் கெட்டுப்போக வாய்ப்புண்டு. எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையோ வேக்யூம் இன்டு கட்டளையோ பயன்படுத்துங்கள். மருந்துத் தகவல் அந்தரங்கமானது, அதனால் பேக்கப்பையும் பூட்டியே வைக்கிறேன்.

ஃபிளாஸ்க் என்ற சிறிய பைத்தான் கருவியை எடுத்திருக்கலாமே என்றால், எடுத்திருக்கலாம். ஒரே பக்கம், ஒரே பட்டன் என்றால் அது சிறிதாக, எளிதாக இருக்கும். லாகின், அட்மின், மைக்ரேஷன் மூன்றும் வேண்டும் என்றானதும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு அரை ஜாங்கோவை நாமே கட்டிக்கொண்டிருப்போம். ஏஐயிடம் சொன்னால் முழு ஆப்பையும் எழுதித் தந்துவிடுமே என்றும் கேட்கிறார்கள். கோடு (புரோகிராம் வரிகள்) எழுத நானும் உதவி கேட்டேன், ஜாங்கோவைப் பற்றி இணையத்தில் நிறைய எழுத்து இருப்பதால் நல்ல பதில்களே வந்தன. ஆனால் ரத்தான பதிவை என்ன செய்வது, நள்ளிரவு மாத்திரை எந்த நாளைச் சேர்ந்தது, அப்பா பெயர் முதலில் வர வேண்டுமா என்பதெல்லாம் எங்கள் வீட்டில்தான் முடிவாக வேண்டியிருந்தது.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) பதிப்பையே எடுங்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது, மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதிகாரபூர்வ டுடோரியலில் ஒரு வாக்கெடுப்பு ஆப் கட்டச் சொல்வார்கள். அதை முடித்த கையோடு உங்கள் பிரச்சினைக்குத் தாவிவிடலாம், இன்னொரு கோர்ஸ் தேவையில்லை. ஆவணங்கள் நிதானமாக, காரணத்தோடு எழுதப்பட்டவை, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும்.

எங்கள் ஆப்பில் வேண்டுமென்றே சேர்க்காத ஒன்று உண்டு: ஒரு வேளை தவறினால் என்ன செய்ய வேண்டும் என்ற ஆலோசனை. அது மருந்துக்கு மருந்து மாறும், அதைச் சொல்லும் தகுதி எனக்கும் இல்லை, என் கோடுக்கும் இல்லை. அந்த இடத்தில் டாக்டரின் எண் மட்டும் வருகிறது, தொட்டால் போன் போகும். இப்போது செய்துகொண்டிருப்பது டாக்டரிடம் போகும்போது காட்டுவதற்கான ஒரு அச்சுப் பக்கம்: நடப்பிலுள்ள மருந்துகள், எந்தத் தேதியில் எது மாறியது, கடந்த மாதம் தவறிய வேளைகள், எல்லாம் ஒரே தாளில். ஏற்பாட்டைத் திருத்தாமல் வைத்ததால் அந்தப் பட்டியல் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்வியில் (க்வெரி) வந்துவிடுகிறது. அப்பா அதில் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், அப்படிச் செய்தால் ஒரே தாளில் அடங்குமா என்று பார்க்க வேண்டும்.